சூழ்ச்சி என்ற பழஞ்சொல்லும் பந்தயக் காரும்

சென்ற ஆண்டு மலரில் நன்னூலைப் பற்றி எழுதியவர் இந்த ஆண்டு கார் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறாரே, வயதான காலத்தில் இவருக்கு என்ன வந்தது என்று சங்க அன்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1978-ல் பூனாவுக்கு வந்து, நானா பேட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் சம்பளத்துக்கு நின்று, பிறகு சொந்தக் கடை வைத்தவன். நாற்பது வருடத்துக்கு மேல் டயரும் டியூபும் செயினும் விற்றிருக்கிறேன். ஆனால் கார் பந்தயம் என்றாலே பெட்ரோலைக் கொளுத்தும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கூத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவன் என் மகள் வயிற்றுப் பேரன். இங்கே பொறியியல் படித்தான். படிப்பு முடிந்ததும் சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. திடீரென்று ஒரு நாள், "தாத்தா, நான் ரேஸ் டீமில் ஸ்ட்ராட்டஜி வேலைக்குப் போகப்போறேன். அதுக்கு வெளிநாட்டில் படிக்கணும்" என்றான். மகள் நேரே என்னிடம் வந்தாள். "அப்பா, நீங்க சொன்னா கேப்பான். வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். தெரியாத விஷயத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதலில் தெரிந்துகொள்கிறேன் என்று ஆறு மாத அவகாசம் கேட்டேன். அந்த ஆறு மாதத்தில் நான் படித்ததும், பேரனை உட்காரவைத்துக் கேட்டதும்தான் இக்கட்டுரை.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

ஸ்ட்ராட்டஜி என்பதற்குப் பத்திரிகைகளில் வியூகம் என்றும் உத்தி என்றும் எழுதுகிறார்கள். வியூகம் போர்க்களத்துச் சொல். உத்தி நூல் எழுதும் துறையிலும் வழங்கிய சொல். தொல்காப்பியம் 32 உத்திகளைச் சொல்கிறது. எங்கள் சமண மரபில் வந்த பவணந்தி முனிவரும் நன்னூலில் 32 உத்திகளைச் சொல்கிறார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது சொல், சூழ்ச்சி. இன்றைக்கு யாரையாவது சூழ்ச்சிக்காரர் என்றால் சண்டைக்கு வருவார்கள். பழந்தமிழில் சூழ்தல் என்றால் பல பக்கமும் எண்ணிப் பார்த்து ஆலோசித்தல். திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே அந்தப் பொருளில் இச்சொல் வருகிறது. நல்ல ஆலோசனையைக் குறித்த சொல் காலப்போக்கில் வஞ்சகத்தைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கார் பந்தயத்தில் இந்த இரண்டு சூழ்ச்சியும் உண்டு.

பந்தயத்தில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆக்சிலேட்டரை அழுத்துகிறவன் ஜெயிக்கிறான், இதில் ஆலோசனை எதற்கு என்று நானும் கேட்டேன். பேரன் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினான்.

ஃபார்முலா ஒன் பந்தயம் பெரும்பாலும் 305 கிலோமீட்டர் தூரம். உலர்ந்த தரையில் ஓட மூன்று ரக டயர் தருகிறார்கள். மென்மையான ரகம் தரையை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான ரகம் நீண்ட நேரம் உழைக்கும், வேகம் குறைவு. மற்றது இரண்டுக்கும் நடுவில். மழை பெய்யாவிட்டால் குறைந்தது இரண்டு ரகத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு முறையாவது நின்று டயர் மாற்றியாக வேண்டும்.

மாற்றும் நேரம் ஒன்றும் பெரிதல்ல. ஏறக்குறைய இருபது பேர் பாய்ந்து வந்து இரண்டு, மூன்று விநாடியில் நான்கு சக்கரத்தையும் மாற்றுகிறார்கள். 2023-ல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 விநாடியில் மாற்றியது. நம் கடை வாசலில் பங்சர் ஒட்டும் பையனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. ஆனால் அந்தச் சந்துக்குள் வேக வரம்பு உண்டு. உள்ளே வந்து வெளியே போவதற்குள் மொத்தத்தில் இருபது விநாடிக்கு மேல் போய்விடும். அதை எந்தச் சுற்றில் இழப்பது, இழந்ததை எப்படி மீட்பது என்பதுதான் கணக்கு. வியாபாரிக்கு இது உடனே புரியும். முதல் போட்டாக வேண்டும், எப்போது போடுவது என்பதே கேள்வி.

இதைக் கணிப்பவர் ஒருவர் அல்லர். ஓட்டுநருக்கு முன்னால் போகும் கார் தெரியும், தன் டயரின் பிடி தெரியும். ஓடுதளத்தின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு மற்ற எல்லாக் கார்களின் சுற்று நேரமும் தெரியும். வேறு நாட்டில் உள்ள தொழிற்சாலையில் ஒரு கூட்டம் உட்கார்ந்து மழைமேகத்தையும் எதிராளியின் பழக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். யானையைத் தடவிய குருடர் கதையைச் சொல்லி, ஒவ்வொரு பார்வையிலும் ஒரு பகுதி உண்மை உண்டு என்று எங்கள் சமண மரபில் அநேகாந்தம் கற்பிப்பார்கள். எல்லாப் பார்வையையும் சேர்த்து அரை நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டிய வேலை உத்தி வகுப்பவருடையது.

இதில் ஆண், பெண் பேதம் இல்லை. ரெட்புல் அணியில் ஹன்னா ஷ்மிட்ஸ் என்ற பெண் பொறியாளர் இருக்கிறார். 2019 பிரேசில் பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிய வெர்ஸ்டாப்பனை, இடம் போனாலும் போகட்டும் என்று மூன்றாம் முறை டயர் மாற்ற உள்ளே அழைத்தது அவர் முடிவு. வெர்ஸ்டாப்பன் புது டயரில் மறுபடி முந்தி வென்றார். அணியின் சார்பில் வெற்றி மேடை ஏறியவர் இந்த அம்மையார்தான். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி, காலம், இடம்

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. அரசனுக்குச் சொன்ன வரிசை. பந்தயத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

வலியறிதல்: தன் வண்டி, தன் உடல், தன் டயர் ஆகியவற்றின் எல்லையை அறிவது. நம் நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 992 பிரிவில் 3-ம் இடம் பெற்றது. அந்தக் கொண்டாட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பயிற்சியில் விபத்து நேர்ந்த பிறகு, அணியின் நலனைக் கருதி அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவரே விலகிக்கொண்டார் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். வேறு பிரிவில் இன்னொரு காரை மட்டும் ஓட்டினார். முதலாளியே ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார். அது சுலபமான காரியம் இல்லை.

காலமறிதல்: எதிரியின் டயர் தேய்ந்துகொண்டிருக்கும்போது, அவருக்கு ஒன்றிரண்டு சுற்று முன்னதாக நாம் உள்ளே போய்ப் புது டயர் போட்டுக்கொண்டால், அந்தச் சுற்றுகளில் நாம் வேகமாக ஓடலாம். அவர் மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது நாம் முன்னால் போயிருப்போம். ரோட்டில் முந்தாமலே முந்துவது. எதிர்க்கடையில் பழைய சரக்கைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நாம் புதுச் சரக்கை இறக்குவது போல.

இடனறிதல்: ஹங்கேரி நாட்டுப் பந்தயத் தளத்தில் வளைவுகள் நெருக்கம், முந்துவது கடினம். 1998-ல் அங்கே மெக்லாரன் கார்கள் முன்னால் ஓடின, இரண்டு முறை நிற்கும் திட்டத்தோடு. பின்னால் மாட்டிக்கொண்ட ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கரை மூன்று முறை நிற்கும் திட்டத்துக்கு மாற்றினார் ராஸ் பிரான். பெட்ரோலைக் குறைவாக நிரப்பி, வண்டியை இலேசாக்கி, வழி காலியாக இருக்கும் இடத்தில் விட்டார். 19 சுற்றில் 25 விநாடி சேர்க்க வேண்டும் என்பது ஷூமாக்கருக்குக் கொடுத்த கணக்கு. அவர் அதைச் சேர்த்துக் காட்டி வென்றார். கணக்கு ஒருவருடையது, அதை ஓட்டிக் காட்டிய கை இன்னொருவருடையது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் வெற்றி இல்லை.

அதே தளத்தில் 2022-ல் கதை திரும்பியது. அன்று குளிர். கடின ரக டயரில் தொடங்க நினைத்த ரெட்புல் அணி, தொடக்கக் கோட்டுக்கு வரும் வழியிலேயே பிடிப்பு இல்லை என்று அறிந்து மென்மையான டயருக்கு மாறியது. ஃபெராரியோ, முதலிடத்தில் ஓடிய லெக்லேருக்கு நடுப் பந்தயத்தில் கடின ரகத்தை மாட்டியது. அதே டயரில் ஆல்பைன் அணிக் கார்கள் திணறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த பிறகும்! லெக்லேர் 6-ம் இடத்துக்குப் போனார். பத்தாவது இடத்திலிருந்து புறப்பட்ட வெர்ஸ்டாப்பன் வென்றார். பணமும் பெயரும் உள்ள அணிக்கும் கணக்கு தப்பும்.

நம் கோவைக்காரரின் பத்தாம் இடம்

இனி நம்மவர் கதை. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட வந்தார், ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர். அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 4-ம் இடம் பெற்று 5 புள்ளி எடுத்தார். ஆறே கார்தானே ஓடியது என்று இளப்பமாகப் பேசுபவர்கள் உண்டு. உண்மைதான். மிஷலின் டயர் போட்ட ஏழு அணிகளின் 14 கார்களும், சாய்தளமான ஒரு வளைவில் டயர் தாங்காது என்று தெரிந்ததால், ஆயத்தச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட மூன்று அணிகள் மட்டுமே ஓடின. டயர் வியாபாரி என்ற முறையில் நான் பார்ப்பது வேறு. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் மற்ற 18-லும் வென்றது மிஷலின். வருடம் முழுவதும் தோற்ற சரக்கு ஒரே ஒரு நாள் ஜெயித்தது. அந்த நாளிலும் வண்டியை உடைக்காமல் கடைசிவரை ஓட்டியவருக்குத்தான் புள்ளி.

என் மனத்தைத் தொட்டது 2012 மலேசியப் பந்தயம். அப்போது நரேன் இருந்தது எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் நாட்டு அணியில். இருந்த 12 அணிகளில் மிக எளிய அணிகளில் ஒன்று. அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் அவர்களின் இரண்டு கார்களும் தகுதி நேரத்துக்குள் ஓட முடியாமல், பந்தயத்தில் கலந்துகொள்ளவே அனுமதி பெறவில்லை.

மார்ச் 25 அன்று செப்பாங்கில் வானம் இருண்டிருந்தது. ஈரத் தரைக்கு இரண்டு ரக டயர் உண்டு, இலேசான ஈரத்துக்கு ஒன்று, கொட்டும் மழைக்கு ஒன்று. முன்வரிசைப் பெரிய அணிகள் இலேசான ரகத்தில் தொடங்கின. வரிசையின் கடைக்கோடியில் நின்ற நரேன் கொட்டும் மழைக்கான டயரோடு தொடங்கினார். மழை கொட்டியது. முன்னே போனவர்கள் ஒவ்வொருவராக டயர் மாற்ற உள்ளே போனார்கள். நரேன் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்றில் பந்தயத்தை நிறுத்தியபோது 24 கார்களில் அவர் 10-வது. புள்ளி கிடைக்கும் இடம்! சுமார் 50 நிமிடம் பந்தயம் நின்றது. அத்தனை நேரமும் உலகம் முழுவதும் தொலைக்காட்சிப் பட்டியலில் நம் கோவைக்காரரின் பெயர் பத்தாவதாக நின்றது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மறுபடி தொடங்கியபோது எல்லோரிடமும் அதே மழை டயர் இருந்தது. நரேனுக்கு இருந்த ஒரே அனுகூலம் போய்விட்டது, வேகமான கார்கள் கடந்து போயின. முன்னாள் உலக சாம்பியன் பட்டன் வந்து மோதித் தன் முன்சிறகை உடைத்துக்கொண்டார். பின்னர் சாம்பியன் வெட்டலின் காரும் நரேன் காரும் உரசி, வெட்டலின் டயர் கிழிந்தது. வெட்டல் கடுமையாகப் பேசினார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள். மறுநாள் அந்த உரசலைப் பற்றித்தான் பேச்சு. தொடக்கத்தில் எடுத்த டயர் முடிவைப் பற்றிப் பேசியவர் குறைவு. அந்த அணியும் 2012 இறுதியோடு மூடப்பட்டது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். சரியான சூழ்ச்சி எளியவனை ஒரு நேரத்துக்கு, ஒரு இடத்தில், பெரியவர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கேயே நிலைக்க வைக்க வலிமை வேண்டும். வலிமை இல்லாத சூழ்ச்சி பத்துச் சுற்று தாங்கும். சூழ்ச்சி இல்லாவிட்டால் அந்தப் பத்துச் சுற்றும் கிடையாது.

சொல் கெட்ட இடம்

சூழ்ச்சி என்ற சொல் ஏன் கெட்டது என்பதற்கும் இந்த விளையாட்டில் சான்று உண்டு. 2008 செப்டம்பரில் சிங்கப்பூரில் ரெனோ அணியின் அலோன்சோ 15-வது இடத்தில் தொடங்கி, வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே உள்ளே வந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டார். சில நிமிடத்தில் அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார். பாதுகாப்பு வண்டி வந்தது, மற்றவர்கள் திட்டம் குலைந்தது, அலோன்சோ வென்றார். மோதச் சொன்னதே அணிதான் என்பது மறு ஆண்டு வெளியே வந்தது. அணித் தலைவர் பிரியாதோரேயும் தலைமைப் பொறியாளர் சைமண்ட்ஸும் தடை செய்யப்பட்டார்கள். பிறகு பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது வேறு விஷயம்.

அன்று முதலிடத்தில் ஓடிய மாஸா, அந்தக் குழப்பத்தில் பெட்ரோல் குழாய் பிடுங்கப்படாமலே கிளம்பி, 13-வதாக முடித்தார். அந்த ஆண்டின் பட்டத்தை அவர் ஒரே ஒரு புள்ளியில் இழந்தார். ஒரு இளைஞனைச் சுவரில் மோதவிட்டுப் பெற்ற லாபம் என்ன லாபம்? தராசில் விரலை வைத்து எடை போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. பேரனிடம் இந்தக் கதையைத்தான் இரண்டு முறை சொல்லச் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். வெட்கப்பட்டுத்தான் சொன்னான். எனக்குத் திருப்தி.

என் கணக்கு தப்பிய கதை

மகள் ஏன் பயப்படுகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல், கியர் ஸ்கூட்டரின் காலம் முடிகிற சமயம், கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியிடமிருந்து ஸ்கூட்டர் உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கினேன். தயாரிப்பு நின்றுவிட்டால் பாகம் கிடைக்காது, ஊரெல்லாம் ஓடும் பழைய ஸ்கூட்டருக்கு நம்மிடம்தான் வர வேண்டும் என்பது என் கணக்கு. முதல் வருடம் பலித்தது. பிறகு ஜனங்கள் ஸ்கூட்டரை ரிப்பேர் செய்வதற்குப் பதில் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். இன்னும் ஆறு மாதம் பார்ப்போம், இன்னும் ஒரு தீபாவளி பார்ப்போம் என்று மூன்று வருடம் கிடங்கு வாடகை கட்டினேன். தேய்ந்த டயரோடு இன்னும் நாலு சுற்று ஓடலாம் என்று வெளியிலேயே சுற்றியவன் நான். கடைசியில் எடைக்குப் போட்டேன். கடையைக் காப்பாற்ற மகள் தன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். மீட்டுக் கொடுக்க ஐந்து வருடம் ஆயிற்று. "கணக்குப் போட்டு ஏமாந்த வீடுப்பா நம்ம வீடு" என்று அவள் சொல்லும்போது எனக்குப் பதில் கிடையாது.

2023 ஜனவரியில் பேரன் தன் கல்லூரிக் குழுவோடு ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கோவைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். செட்டிப்பாளையத்தில், கோவை கரிவரதன் நினைவாகப் பெயரிட்ட தளத்தில் நடக்கும் போட்டி அது. மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு பந்தயக் கார்கள். வேகம் மட்டுமல்ல, செலவுக் கணக்கையும் வியாபாரத் திட்டத்தையும் நடுவர்முன் ஒப்பிக்க வேண்டும். அது எனக்கு மிகவும் பிடித்தது. கடைசியில் சுமார் 22 கிலோமீட்டர் நெடு ஓட்டம், நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும். முழு வேகத்தில் ஓட்டுவோம் என்றது பாதிக் குழு. இந்த வெயிலில் இஞ்சின் சூடேறி நின்றுவிடும், கொஞ்சம் குறைத்து ஓட்டினால்தான் முடிப்போம் என்றான் பேரன். வாக்குவாதம் பலமாக நடந்தது. அவன் எண்களைக் காட்டினான், ஒப்புக்கொண்டார்கள். அவர்களை விட வேகமாகப் போன சில கார்கள் வழியில் நின்றுவிட்டன. இவர்கள் முடித்தார்கள். பரிசு ஒன்றும் இல்லை, பட்டியலின் நடுவில் ஓரிடம். பொழுது சாய்வதற்குள் என் டப்பாத் தயிர்சாதத்தை முடிக்க ஓரமாக உட்கார்ந்தவன், அந்தப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்துச் சாப்பிடாமலே இருந்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் மகளையும் மாப்பிள்ளையையும் பேரனையும் உட்காரவைத்துப் பேசினேன். "அவன் ஓட்டப்போகலைம்மா, கணக்குப் போடத்தான் போறான்" என்றேன். "கணக்கு தப்பினா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பந்தயக்காரர்களிடம் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பந்தயம் தொடங்குமுன்பே எந்தச் சுற்றில் உள்ளே வருவது, மழை வந்தால் எப்போது, விபத்து நேர்ந்தால் எப்போது என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். சூடு ஏறிய பிறகு யோசிப்பதில்லை. நான் சரக்கு வாங்கிய அன்றே வெளியே வரும் நாளையும் குறித்திருந்தால் மகளின் நகை அவள் கழுத்திலேயே இருந்திருக்கும்.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். முதல் ஒரு வருடம் சாக்கன் வேலை, தன் கையில் கொஞ்சம் சேமிப்பு. பிறகு படிப்பு. படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குள் ஏதாவது அணியில் இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து, இங்கே கிடைக்கும் வேலையில் சேர்ந்துவிட வேண்டும். அந்தத் தேதியை அவன் கையாலேயே என் கடைப் பேரேட்டில் எழுத வைத்திருக்கிறேன். மகள் இன்னும் முழு மனத்தோடு சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

நம் சங்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை ஏதோ ஒரு புதுத் துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. நாமும் ஒரு காலத்தில் வண்டியேறிப் பெயர் தெரியாத ஊருக்கு வந்தவர்கள்தானே. வேண்டாம் என்று சொல்லுமுன் பிள்ளையோடு உட்கார்ந்து வலியும் காலமும் இடமும் எண்ணிப் பாருங்கள். அதுவே பழைய பொருளில் சூழ்ச்சி.